பழைய கம்ப்யூட்டருக்கு வைஃபையும் நாலு போர்ட்டும்: அக்கா சொல்லும் வழி

வைஃபை வராது, பென்டிரைவ் செருக இடம் போதவில்லை என்ற இரண்டு காரணத்துக்காகப் புது கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் தங்கம். 2011, 2012 வாக்கில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப்தானே? டைப் அடிக்கிறது, பாடம் பார்க்க முடிகிறது, பிரிண்ட் எடுக்கிறது என்றால் அதற்கு இருக்கும் குறை இந்த இரண்டும்தான். இரண்டையும் வெளியிலிருந்தே சேர்த்துவிடலாம். எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் காசு மிச்சமாவதும் வீணாவதும் இருக்கிறது. முதலில் செலவே இல்லாத வழியைப் பார்ப்போம், பிறகு சில நூறு ரூபாயில் முடிகிற வழி. கேபினெட்டைத் திறப்பது கடைசியில்தான்.

இன்று ராத்திரியே நெட் வேண்டுமென்றால்

உன் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே ஒரு வைஃபை கருவிதான். போனை வீட்டு வைஃபையில் இணைத்துக்கொள். சார்ஜர் கேபிளின் யுஎஸ்பி முனையைக் கம்ப்யூட்டரில் செருகு. போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட், டெதரிங் என்று ஒரு பகுதி இருக்கும், அதில் ‘யுஎஸ்பி டெதரிங்’கை ஆன் செய். சில நொடிகளில் கம்ப்யூட்டரில் நெட் வந்துவிடும். மொபைல் டேட்டாவை அணைத்து வைத்துவிட்டால் ரூட்டரிலிருந்து வரும் நெட் மட்டும்தான் ஓடும், உன் டேட்டா பேக் கரையாது. ஐபோனில் இது நடக்காது, அது மொபைல் டேட்டாவை மட்டும்தான் பகிரும்.

கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொள்ளவே இல்லையென்றால் முதலில் கேபிளை மாற்றிப் பார். சார்ஜ் ஏற்ற மட்டும் விற்கிற மலிவு கேபிள்களில் டேட்டா போகிற கம்பியே இருக்காது.

தினமும் இப்படிப் போனைக் கட்டிப்போட முடியாதுதான். ஆனால் இந்த வழியைத் தெரிந்து வைத்துக்கொள், கட்டாயம் உதவும். யுஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்தால் அதற்கு டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கோ டாங்கிள் வேலை செய்ய வேண்டும். டிரைவரை ஒரு சிடியில் போட்டுப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள், நம்மிடம் சிடி டிரைவ் ஓடாது. அந்த நேரத்தில் டெதரிங்தான் கை கொடுக்கும்.

இன்னொன்று. ரூட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருந்தால் வைஃபை பேச்சையே விட்டுவிடு. கேபினெட்டின் பின்பக்கம் லேன் போர்ட் இருக்கிறதா பார், உன்னுடைய காலத்துக் கம்ப்யூட்டரில் அநேகமாக இருக்கும். ஒரு கேட்-5இ கேபிள் 100 மீட்டர் நீளம் வரைக்கும் சிக்னல் குறையாமல் கொண்டுபோகும். டிரைவர் தொல்லை இல்லை, பாதி வகுப்பில் அறுந்து போவதும் இல்லை. சுவரோரம் கேபிள் ஓட்டுவதற்குச் சோம்பல்பட்டு டாங்கிளுக்குச் செலவு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

டாங்கிள் வாங்கும்போது

ரூட்டர் ஹாலில், கம்ப்யூட்டர் உள் அறையில் என்றால் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கலாம். கடையில் கேட்டால் நகக்கண் அளவில் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள், அட்டையில் 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும். கையில் கிடைக்கும் வேகம் அட்டையில் போட்டதில் பாதிகூடத் தேறாது. வீடியோ வகுப்புக்கு 4, 5 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தாலே போதும் என்பதால் தனி வீட்டில் இருப்பவர்களுக்கு இதுவே தாராளம். அடுக்குமாடியில் இருந்தால் கதை வேறு. மேலே, கீழே, எதிர் வீடு என்று எல்லா ரூட்டரும் அதே 2.4-இல் நெருக்கியடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அங்கேதான் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கிற ‘டூயல் பேண்ட்’ டாங்கிளாக, ஆன்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகையாக வாங்கு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும், ஆனால் சுவர் தாண்டத் திணறும். நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர் இருந்தால் 2.4 தான் வந்து சேரும்.

அட்டையில் பெரிய பெரிய எண் போட்ட, விலை கூடிய டாங்கிளுக்கு ஆசைப்படாதே. உன்னுடையது யுஎஸ்பி 2.0 போர்ட். ஏட்டில் அதன் உச்சம் 480 எம்பிபிஎஸ், நடைமுறையில் 300-ஐத் தொட்டாலே பெரிது. உன் வீட்டு நெட் பிளானே 100 எம்பிபிஎஸ் என்றால் அதற்கு மேல் டாங்கிளுக்குக் கொடுக்கும் காசு வெறும் அட்டைக்குத்தான் போகும்.

வாங்குவதற்கு முன்னால் அட்டையைத் திருப்பி எந்தெந்த விண்டோஸுக்கு டிரைவர் உண்டு என்று படி. விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிற வீட்டில் இது மிக முக்கியம். லினக்ஸ் என்றால் எந்தக் கம்பெனி பெயர் என்பதைவிட உள்ளே இருக்கும் சிப் எது என்பதுதான் கேள்வி. எம்டி7601யு, எம்டி7612யு போன்ற மீடியாடெக் சிப்கள் செருகியவுடன் வேலை செய்யும். ஒரே மாடல் பெயரில் வி1, வி2, வி3 என்று சிப்பை மாற்றி மாற்றி விற்பார்கள். அதனால் மாடல் எண்ணோடு அந்தக் குட்டி எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும்.

எங்கே செருகுகிறாய் என்பதுதான் பாதி வேலை

‘டாங்கிள் சரியில்லை, சிக்னலே இல்லை’ என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அதை இடம் மாற்றிப் பார் என்பதுதான். நம் வீடுகளில் கேபினெட் எங்கே இருக்கும்? மேசைக்கு அடியில், சுவரோடு ஒட்டி. டாங்கிள் அதன் முதுகில். முன்னால் தகரப் பெட்டி, பின்னால் கான்கிரீட் சுவர், பக்கத்தில் இரும்பு பீரோ. இரும்பைத் தாண்டி வைஃபை வராது. பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி எல்லாமே சிக்னலைத் தின்கிறவை.

இதற்கு மருந்து ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் போதும். ஒரு முனையைப் பின்னால் செருகி, மறுமுனையை மேசைமேல் கொண்டுவந்து, மானிட்டரின் பக்கவாட்டில் டாங்கிளை வை. முடிந்தால் ரூட்டர் இருக்கும் திசையைப் பார்த்த மாதிரி வை. ஒரு கோடு காட்டிய சிக்னல் மூன்று கோடாக மாறுவதை உன் கண்ணாலேயே பார்ப்பாய். அதிக விலை டாங்கிளை மேசைக்கு அடியில் ஒளித்து வைப்பதைவிட, மலிவானதை மேசைமேல் வைப்பது மேல்.

அதே மாதிரி ரூட்டரையும் பார். டிவிக்குப் பின்னால், அலமாரி கதவுக்குள் என்று பூட்டி வைக்காதே. ஆள் உயரத்துக்கு, திறந்த இடத்தில் இருக்கட்டும்.

கடைக்காரர்கள் அதிகம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் படம் காப்பி ஆகும்போது மட்டும் வைஃபை தடுமாறுகிறது, வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறுகிறது என்றால் காரணம் இதுதான். டாங்கிளையும் ஹார்ட் டிஸ்க்கையும் பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டில் வைக்காதே. இங்கேயும் அந்த எக்ஸ்டென்ஷன் கேபிள்தான் தீர்வு.

எல்லாம் சரியாக இருந்தும் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நெட் அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்த டாங்கிளைத் திறந்து ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குப் போ. மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்கிற டிக்கை எடுத்துவிடு.

டிரைவர் எதுவுமே ஒத்துவரவில்லையா? கடைசியாக ஒரு வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த வழியும் அதுதான். லேன் போர்ட் உள்ள வைஃபை எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டருக்குப் பக்கத்து பிளக்கில் மாட்டு. அது வைஃபையைப் பிடித்து, சின்ன லேன் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை கேபிள் நெட்தான் வருகிறது, அதனால் வைஃபை டிரைவரே வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற பெட்டியில்கூட இது நடக்கும். பரணில் தூங்குகிற பழைய ரூட்டரின் செட்டிங்ஸில் ‘கிளையன்ட்’ அல்லது ‘ரிப்பீட்டர்’ மோடு இருந்தால் அதையே இதற்குப் பழக்கிவிடலாம், செலவும் இல்லை.

இனி போர்ட்

வாங்கும் முன்னால் இருப்பதைக் காலி செய்து பார். கேபினெட்டின் பின்பக்கம் ஊதா, பச்சை நிறத்தில் வட்டமாக இரண்டு துளை இருக்கிறதா? அவை பழைய பிஎஸ்2 போர்ட். ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. அந்த வகைக் கீபோர்டு வீட்டில் கிடந்தால் அதை மாட்டு, ஒரு யுஎஸ்பி மிச்சம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஒரே ரிசீவர் உள்ள வயர்லெஸ் ஜோடி வாங்கினாலும் ஒரு போர்ட் மிஞ்சும்.

அப்புறம் கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்கள். பல அசெம்பிள் சிஸ்டங்களில் அவை செத்துக் கிடக்கும். கெட்டுப் போனது என்று நினைப்போம், உள்ளே அந்த ஒயரை மதர்போர்டில் செருகவே மறந்திருப்பார்கள். மதர்போர்டில் யுஎஸ்பி என்று அச்சிட்ட இடத்தில் ஐந்தைந்தாக இரண்டு வரிசை ஊசிகள் இருக்கும், ஒரு மூலையில் ஓர் ஊசி மட்டும் இருக்காது. ஒயரின் தலையிலும் அதே மூலை அடைத்திருக்கும். பொருத்தமாகச் செருகினால் இரண்டு போர்ட் இலவசமாக உயிர் பெறும். இன்னொரு ஊசிக்கட்டு சும்மா இருந்தால், பின்பக்கத் தகட்டோடு வரும் இரட்டை யுஎஸ்பி ஒயர் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதை மாட்டினால் மேலும் இரண்டு.

இதில் ஓர் ஆபத்து உண்டு, கவனமாகக் கேள். சில பழைய போர்டுகளில் ‘1394’ என்று எழுதிய இன்னோர் ஊசிக்கட்டு இருக்கும். பார்க்க அச்சு அசல் யுஎஸ்பி மாதிரியே இருக்கும், ஊசி இல்லாத மூலையும் அதே. ஆனால் அதில் 12 வோல்ட் ஓடும். யுஎஸ்பிக்கு வேண்டியது 5 வோல்ட். தெரியாமல் அதில் செருகிவிட்டால் பிறகு மாட்டுகிற பென்டிரைவ் கருகிவிடும். எழுத்தைப் படிக்காமல் எதையும் செருகாதே. கண் பிடிக்கவில்லையென்றால் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படி.

ஒரு போர்ட்டை நாலாக்கும் யுஎஸ்பி ஹப் வாங்குவதாக இருந்தால் தனி அடாப்டரோடு வருவதை வாங்கு. யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரும் மின்சாரம் 500 மில்லி ஆம்பியர்தான். அடாப்டர் இல்லாத ஹப் அந்த 500-ஐயே நான்கு கருவிக்கும் பங்கு போடும். மவுஸ், கீபோர்டு, பென்டிரைவ் என்றால் சமாளிக்கும். வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டினால் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி நின்றால் உள்ளே இருக்கும் கல்யாண போட்டோ எல்லாம் போச்சு. ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் நேராகப் பின்பக்கப் போர்ட்டில் மாட்டு. ஹப்பில் மற்றதெல்லாம் இருக்கட்டும்.

நீல நிறம் உள்ளே தெரிந்தால் யுஎஸ்பி 3.0 என்று ஒரு கணக்கு உண்டு. அதை நம்பி மலிவு ஹப் வாங்காதே, 2.0 ஹப்பிலேயே நீலம் வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கேபிள் முனைக்குள் எட்டிப் பார். நான்கு தகடு மட்டும் தெரிந்தால் 2.0, உள்ளே தள்ளி இன்னும் ஐந்து இருந்தால் 3.0. கம்ப்யூட்டரில் 3.0 போர்ட் இல்லாதபோது 3.0 ஹப் வாங்கினாலும் ஓடுவது 2.0 வேகத்தில்தான் என்பதையும் மறக்காதே.

கேபினெட்டைத் திறந்து கார்டு மாட்டலாமா?

நிறைய காப்பி செய்கிற வேலை இருந்தால் மாட்டலாம். யுஎஸ்பி 2.0-இல் நொடிக்கு 30, 40 மெகாபைட்தான் நகரும். 10 ஜிபி வீடியோ ஒன்று காப்பியாக ஐந்து நிமிடம் ஆகும். 3.0 கார்டு மாட்டினால் அதே ஹார்ட் டிஸ்க் ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் முடித்துவிடும். இன்டெல்லின் சிப்செட்டிலேயே யுஎஸ்பி 3.0 வர ஆரம்பித்தது 2012-இல் வந்த 7 வரிசையிலிருந்துதான். அதற்கு முந்தைய எச்61 போர்டுகள் நம் ஊரில் ஏராளம். அவற்றின் சிப்செட்டில் அது கிடையாது, கார்டுதான் வழி.

உள்ளே எந்த ஸ்லாட் காலி என்று பார். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, மற்ற ஸ்லாட்டைவிடக் குட்டையாக இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1. இன்றைய யுஎஸ்பி 3.0 கார்டும் வைஃபை கார்டும் பெரும்பாலும் இதற்குத்தான். இது காலியில்லை, கிராபிக்ஸ் கார்டுக்கான நீளமான எக்ஸ்16 ஸ்லாட் சும்மா இருக்கிறது என்றால் அதிலேயே இந்தச் சின்னக் கார்டை மாட்டலாம், தாராளமாக வேலை செய்யும். வெள்ளையாக நீளமாக இருப்பது பழைய பிசிஐ. அது வேறு சாதி, எக்ஸ்பிரஸ் கார்டு அதில் உட்காராது. அந்த ஸ்லாட் மட்டும்தான் இருக்கிறதென்றால் யுஎஸ்பி 2.0 கார்டோடு நிறுத்திக்கொள்.

கார்டு வாங்கும்போது மூன்று கேள்வி கேள். கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து ஒயர் மாட்டத் தனி சாக்கெட் இருக்கிறதா, இருந்தால் அது சாட்டா ஒயரா, நாலு ஊசிப் பழைய மோலெக்ஸா? உன் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயர் மிச்சம் இருக்கிறதா? உன்னுடையது ஆபீஸிலிருந்து கழித்துவிட்ட ஒல்லிக் கேபினெட் என்றால், கார்டோடு குட்டைத் தகடும் தருகிறார்களா? இந்தத் தகடு இல்லாமல் வாங்கி வந்து பெட்டியை மூட முடியாமல் தவிக்கிறவர்கள் நிறைய.

விண்டோஸ் 7-க்கு யுஎஸ்பி 3.0 தானாகத் தெரியாது, டிரைவர் போட வேண்டும். விண்டோஸ் 8-லிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும். எது எப்படி இருந்தாலும் கீபோர்டை மட்டும் மதர்போர்டின் சொந்தப் போர்ட்டிலேயே விட்டுவை. புதுக் கார்டில் மாட்டினால் பயாஸுக்குள் போகும்போது கீபோர்டு வேலை செய்யாமல் போகலாம். விண்டோஸ் ஏற்றுகிற பென்டிரைவையும் கார்டில் மாட்டாதே, பழைய பயாஸ் பெரும்பாலும் அதிலிருந்து பூட் ஆகாது.

வைஃபையும் கார்டாகவே போடலாம் என்று யாராவது சொன்னால், சரிதான், ஆன்டெனாவை ஒயரில் மேசைமேல் கொண்டுவர முடிகிற வகையாக இருந்தால் நல்ல ஏற்பாடு. புளூடூத்தும் சேர்ந்த கார்டு என்றால் அதிலிருந்து ஒரு ஒயரை, மேலே சொன்ன அந்த யுஎஸ்பி ஊசிக்கட்டில் செருக வேண்டும். செருகாவிட்டால் வைஃபை வரும், புளூடூத் வராது. இன்டெல் ஏஎக்ஸ்200 சிப் உள்ள கார்டு பழைய போர்டில் ஓடும், விண்டோஸ் 10 64 பிட் வேண்டும். ஏஎக்ஸ்201 என்று ஒன்று, பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம், அது புதிய இன்டெல் போர்டுகளுக்கு மட்டுமானது. உன்னுடையதில் உயிரே வராது. சென்னை ரிச்சி தெருவுக்கே போனாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, இந்த எண்ணைப் படித்துப் பார்த்து வாங்கு.

திறப்பதற்கு யாரும் வர வேண்டும் என்று காத்திருக்காதே. இரண்டு ஸ்க்ரூதான், உன்னால் முடியும். யுபிஎஸ்ஸை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஒருமுறை அழுத்து, மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கார்டைத் தொடும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொடு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் போய்விடும். உள்ளே தூசி இருந்தால் பெயின்ட் பிரஷ்ஷால் மெல்லத் தட்டு, ஈரத்துணி வேண்டாம். கார்டை நேராக வைத்து இரண்டு முனையும் சமமாக அழுத்து, பிறகு ஸ்க்ரூ போடு. கழற்றிய தகட்டு இடுக்கு எதையும் திறந்து விடாதே. பல்லி அந்த வழியாகத்தான் உள்ளே போகும், போனால் மதர்போர்டு ஷார்ட் ஆகும்.

திறந்த கையோடு மதர்போர்டில் இருக்கும் வட்டமான பட்டன் செல்லையும் மாற்றிவிடு. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே தருவார்கள். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பேங்க் சைட், மெயில் எல்லாம் ‘பாதுகாப்பில்லை’ என்று திறக்க மறுக்கும். வைஃபை இணைந்திருக்கும், எதுவுமே திறக்காது, பழி டாங்கிள் மேல் விழும்.

நெட் வந்த பிறகு பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. உன் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. நெட்டுக்கு மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் லினக்ஸ் மின்ட் போடலாம், இலவசம், பிள்ளைகளும் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள். அதுவரைக்கும் பேங்க் வேலையை அந்தக் கம்ப்யூட்டரில் செய்யாதே.

இப்போதைக்கு ஒன்றும் வாங்காதே. கேபினெட்டின் பின்பக்கத்தை ஒரு போட்டோ, பக்கத் தகட்டைக் கழற்றி ஸ்லாட்டும் ஊசிக்கட்டும் தெரிகிற மாதிரி இன்னொரு போட்டோ எடு. மதர்போர்டில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணும் அதில் விழ வேண்டும். ரூட்டர் எந்த அறையில், நடுவில் எத்தனை சுவர் என்பதையும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. பார்த்துவிட்டு எதை வாங்குவது என்று சொல்கிறேன், அதற்கப்புறம் கடைக்குப் போ.